ஒட்டுப்போட வந்தவன்

கொடுத்தாயிற்று. மூடி போட்ட அந்தச் சின்ன டப்பாவைத் துண்டுக்குள் பொதிந்து, கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ச் சன்னலில் நீட்டினான் சங்கரபாண்டி. உள்ளே இருந்த பிள்ளை அதை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்து, மேலே பேரெழுதி ஒட்டி, அரை மணி நேரம் ஆகும்ணே, டாக்டரே பாத்துட்டுக் கூப்பிடுவாக, அந்த பெஞ்சில உக்காருங்க என்றது. சத்தமாகத்தான் சொன்னது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பகல் முழுக்க வெல்டிங் நெருப்பைப் பார்க்கிற கண்ணுக்கு இந்த நாலு சோடிக் கண்ணா பெரிசு. ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்தபோது தொடை இரண்டையும் நெருக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான், புதுப்பெண் மாதிரி. சங்கரன்கோவிலில் பட்டறை வைத்திருக்கிறவன், ஊரில் பாதி வீட்டு வாசல் இரும்புக் கேட்டு அவன் கைவேலை, நாற்பதைத் தாண்டினவன். அவன் வந்து பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் கக்கூஸ் அகல அறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, சுவரில் தொங்கின காலண்டர் முருகனை மன்னிச்சுக்கோப்பா என்று திருப்பிப் போட்டுவிட்டு, சீச்சீ. எல்லாம் ஒன்னாலதாண்டி. ஒன் ஒருத்தியால. இருடி. இன்னைக்கு டெஸ்டு, நாளைக்குக் காலையில கத்தி. வெட்டி விட்ட நரம்ப ஒட்டவைக்கப் போறாக. அடுத்த வருசம் இந்நேரம் என் மடியில ஒரு ஆம்பளப்பிள்ளை கெடக்கும். அன்னைக்கு ஒன் மூஞ்சியப் பாக்கணும்டி நான். பாத்துட்டு ஒண்ணும் பேசமாட்டேன். சிரிப்பேன். அவ்வளவுதான்.

எதிர்ப் பெஞ்சில் ஒரு புருசன் பொண்டாட்டி. பைலை அவள் மடியில் வைத்திருக்கிறாள், அவன் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முறுக்கை ஒடித்து அவன் உள்ளங்கையில் வைக்கிறாள், அவன் பார்க்காமலே வாயில் போடுகிறான். பொண்டாட்டியாக இருந்தவரைக்கும் ஆவுடைத்தாயும் அப்படித்தான் ஒடித்துக் கொடுப்பாள். அந்த நினைப்பை அங்கேயே மிதித்தான். அது நிற்கவில்லை. ஒரு நினைப்பை மிதித்தால் அது பக்கவாட்டில் பிதுங்கி வரும், ரெண்டாவது பிள்ளைக்கு அவள் வயிற்றைக் கிழித்த அன்றைக்கு மாதிரி, ரத்தம் நிற்காமல் நர்சுகள் ஓடினார்களே, அது மாதிரி. பிழைத்துக்கொண்டாள். இன்னொண்ணு இந்த உடம்பு தாங்காதுப்பா, இவளை மறுபடி மேசையில ஏத்தவும் பயமா இருக்கு, நீயே ஒரு ஆபரேசன் பண்ணிக்கோ, ஆம்பளைக்குச் சுளுவு என்றார் அந்த டாக்டரம்மா. பண்ணிக்கிடுதேன் என்றான். அப்படியே, யோசிக்காமல். ஆவுடைதான் அவன் வாயைப் பொத்தினாள், ஊருக்குத் தெரிஞ்சா ஒங்களக் கேலி பண்ணியே கொன்னுருவாகளே என்று அழுதாள். சரி, தெரியாமல் பண்ணிக்கிடுவோம். வெளியூரில் குடும்பக்கட்டுப்பாட்டு முகாம் போட்டிருந்தார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப்போன வேனில் ஒரு அம்மா பேரும் ஊரும் கேட்டாள். சொந்தப் பேரைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. வாயில் வந்தது மச்சினன் பேர். முப்பிடாதி, புளியங்குளம் என்று சொல்லிவிட்டான். ஆவுடையின் அண்ணன். மீசையை முறுக்கிக்கொண்டு அலைகிறவன். மூணு மாசம் கழித்து ஒரு நர்சம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு புளியங்குளத்துக்குப் போய், அவன் சம்பந்தக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆபரேசன் பண்ணுனீங்கள்ல, சுத்தமாயிருச்சான்னு பாக்கணும், டப்பாவுல பிடிச்சுக் கொண்டாந்து குடுங்க என்று கேட்டிருக்கிறாள். மச்சினன் செருப்பைத் தூக்கிக்கொண்டு அவளை விரட்டினானாம். வருசம் பூராவும் அவனுக்கு ஊரில் கட்டுப்பாடு என்றே பேர். இவனும் ஆவுடையும் பிள்ளைகள் முழித்துவிடக் கூடாதென்று தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அவள்தான் சொன்னாள், என்ன இருந்தாலும் நீங்க போயி அதக் குடுத்துட்டு வந்துருங்க என்று. போனால் அந்தப் பேரைச் சொல்லித்தான் கொடுக்கணும். அந்த நர்சு, எல, ஒன்னால நான் செருப்படி வாங்கப் பாத்தேன் என்பாள். அதுவும் போக, செத்த மாட்டையா கறந்து பாக்கணும் என்றான். அதற்கும் அவள் சிரித்தாள். அப்போதெல்லாம் எதற்கும் சிரிப்பாள்.

பக்கத்தில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். ஆறுமுகநயினார் என்று பேர் சொன்னார், கேட்காமலே. வேட்டிக்கடியில் இருந்து ஒரு குழாய் வந்து மஞ்சப்பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பைக்குள் என்ன என்று கேட்கவேண்டியதில்லை. விரையில நீர் கோத்து ரொம்ப நாளாக் கெடந்துச்சு தம்பி, வலியும் இல்ல ஒண்ணும் இல்ல, டாக்டர்மாரு எல்லாரும் சும்மா வச்சுக்கிடும், தொந்தரவு குடுத்தாப் பாப்போம்னுதான் சொன்னாக என்று ஆரம்பித்தார். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பேண்ட் போட்டு வருகிறார்கள், நாமும் போடணும், போட்டால் முன்னால் புடைக்கும். அதற்காகப் பண்ணிக்கொண்டாராம். பண்ணின இடத்தில் ரத்தம் கட்டி, சீழ் வைத்து, நீர் அடைத்து, கல்யாணத்துக்கு இந்தப் பையோடுதான் போனாராம், வேட்டியில். அந்த எடத்துல கத்தி வைக்க முன்ன யாரு பாக்கப்போறான்னு ஒரு தடவ நெனச்சுப் பாத்திருக்கணும், எங்க வீட்டுக்காரியே கண்ணாடி இல்லாம என் மூஞ்சியவே பாக்கமாட்டா என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தால் குழாய் இழுக்கும் போல, சிரிப்பைப் பாதியில் நிறுத்தி முகத்தைச் சுளித்தார். உங்களுக்கு என்ன தம்பி? எனக்கா. எனக்கு ஒரு ஒட்டு வேலை என்றான் சங்கரபாண்டி. யாரு பாக்கப்போறான்னா கேட்டீரு? எனக்கு ஒருத்தி பார்க்கணும் வே. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் கிடையாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

போனமுறை வந்தபோது டாக்டரும் இதைத்தான் சுத்திச் சுத்திக் கேட்டார். கண்ணாடி போட்ட மனுசர், மெதுவாகப் பேசுவார், பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். வெட்டி எத்தனை வருசமாச்சு? நாள் ஆக ஆக ஒட்டினாலும் பிடிக்கிறது குறையும். ஒட்டிவிட்டாலும் பிள்ளை வரும் என்று நான் எழுதித் தரமுடியாது. வந்தாலும் ஒரு வருசம்கூட ஆகலாம். முதுகில் ஊசி போடணும், விரையில் வீக்கம் வரும், ரத்தம் கட்டலாம், கொஞ்சநாள் கனம் தூக்கக்கூடாது, பட்டறைப் பக்கம் போகக்கூடாது. பீடி குடிப்பீங்களா? சர்க்கரை உண்டா? கட்டிக்கப்போற பொண்ணுக்கு என்ன வயசு, அவங்களையும் ஒரு தடவை பார்க்கணுமே, கோளாறு அவங்க பக்கம் இருந்தா உங்களை வெட்டி என்ன பிரயோசனம்? அவங்களுக்கு இது தெரியுமா? தெரியும் என்றான். தெரியாது. முதல் சம்சாரம்? தவறிட்டா என்றான். சொல்லும்போது நாக்கில் ஒரு இனிப்பு ஊறியது, அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் மூடியை மூடிவிட்டு, உயிருக்கு அவசரம்னு செய்ற ஆபரேசன் இல்லைங்க இது, நீங்களா கேட்டுச் செஞ்சுக்கிறது, அதனால கேக்கேன், இது எதுக்காக உங்களுக்கு என்றார். எதுக்காகவா. பிள்ளைக்காக. பிள்ளை எதுக்கு? அப்படியும் ஒருத்தர் கேட்பாரா. பேர் சொல்ல என்றான். டெஸ்டு ஒண்ணு எடுக்கணும் என்றார். அதுக்கும் செத்த மாட்டுக் கதையையே சொன்னான். அது இல்லாம நான் கத்தியத் தொடமாட்டேன் என்றுவிட்டார், சிரிக்காமல்.

பேர் சொல்ல. என்ன பேரைச் சொல்ல. காயடிச்ச கெடா, அந்தப் பேரையா. ஆவுடை தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து பட்டறை வாசலில் நின்று, நாள் தள்ளிப் போயிருக்குங்க என்று சொன்னபோது அவன் கையில் வெல்டிங் ஹோல்டர் இருந்தது. முகமூடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பும் பயமும் கலந்து கிடந்தது. ஆபரேசன் ஆகி ரெண்டு வருசத்துக்கு மேலே ஆச்சு. வெட்டின கம்பி தானா ஒட்டாது, இருபது வருசமா இரும்போட கிடக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லவேண்டாம். அப்ப யாரு? பால்காரனா, தையக்கடைக்காரனா, மாடி கட்ட வந்த கொத்தனா, சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாளே எல்லார்ட்டயும். யாருதுட்டி என்று கேட்டான். அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கினபிறகு அவள் முகம் போன போக்கைத்தான் குற்றம் செய்தவள் முகம் என்று அவன் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டான் என்று என்ன, அது அப்படித்தான் இருந்தது. அப்படித்தான் இருந்ததா? இருந்தது. அம்மன் கோவில் முன்னால் பஞ்சாயத்துக்கு ஊர் கூடினபோது வேறு வழியில்லாமல், எனக்கு ஆபரேசன் ஆகியிருக்கு என்று தன் வாயாலே சொன்னான். எந்த வார்த்தையை மறைக்க மச்சினன் பேரைத் திருடினானோ அந்த வார்த்தையை மைக் வைக்காத குறையாகச் சொன்னான். பின்னால் ஒருத்தன் க்ளுக் என்றான். முப்பிடாதி எழுந்தான். எல, எங்க ஊருக்கு நர்சு தேடி வந்தது ஒன்னயத்தானா, அன்னைக்கு என் பேரத் திருடுன, இன்னைக்கு என் தங்கச்சி மானத்தத் திருட வாரியா என்று கத்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, காயடிச்ச கெடா கொம்ப ஆட்டுது பாருங்கய்யா என்றான். சிரித்தார்கள். அவன் வாசல் கேட்டு போட்டுக் கொடுத்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆவுடை சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாள்:

"அவுகளப் போயி ஒரு தடவ டெஸ்டு பாத்துட்டு வரச் சொல்லுங்க. அதுக்குப் பெறகு நான் பேசுதேன்."

திமிரு. எவ்வளவு திமிரு. அத்தனை பேருக்கு முன்னால் அவனைப் போய் டப்பாவில் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறாள். மாட்டேன் என்றான். வெற்றிலைத் தட்டில் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு ரெண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் பின்னால் போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றான். பார்க்கவில்லை. அந்த முதுகுதான். அந்த முதுகை நினைத்துத்தான் இத்தனை வருசமாக அவன் தூங்குவதும் முழிப்பதும். பிரசவ வலி கண்டு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், நிலைமை மோசம் என்று சொன்னபோது டீக்கடையில் உட்கார்ந்து காத்திருந்தான். எந்தச் சேதிக்கு என்று அவனுக்கும் தெரியும், டீ ஆற்றினவனுக்கும் தெரியும். ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பெண்பிள்ளை. அதற்கு என்ன பேர் வைத்தாள் தெரியுமா. பொன்னுத்தாய். அவன் அம்மா பேர். அப்பனைப் பெத்தவள் பேரைத்தானே பேத்திக்கு வைக்கிறது, மூத்தது ரெண்டுக்கும் அவள் வைக்கவில்லை, எவனுக்கோ பெத்ததுக்குக் கொண்டுபோய் என் ஆத்தா பேரை வைத்திருக்கிறாள். என்னைச் சீண்ட. என்னைக் குத்த. அந்தப் பேரைக் கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் முடிவு பண்ணினான். ஒட்டவைத்தே தீருவது. கட்டியே தீருவது. பெத்தே தீருவது.

பிறக்கப்போகிற மகனுக்கு எப்படிக் காது குத்தணும் என்பதுவரைக்கும் யோசித்து வைத்திருந்தான். புளியங்குளம் பஸ் நிறுத்தத்தில், முப்பிடாதி வீட்டு வாசலுக்கு நேரே, பனை உசரத்துக்கு ஒரு பிளெக்ஸ். நடுவில் பிள்ளை, கூலிங் கிளாஸ் போட்டு. கீழே இவன், மீசையோடு. எங்கள் குலம் காக்க வந்த சிங்கக்குட்டியே என்று பெரிய எழுத்து. மேளத்தை அந்தத் தெருவழியாத்தான் கொண்டுபோகணும், வெடி அந்த வாசலில்தான் போடணும், அவள் கதவைச் சாத்திக்கொண்டாலும் சத்தம் போகும். ராத்திரிப் படுத்தால் இந்தப் பிளெக்ஸைத்தான் கண்ணுக்குள் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பான், இன்னும் கொஞ்சம் பெரிசாக, இன்னும் கொஞ்சம் உசரமாக. பிள்ளையின் முகம் மட்டும் வராது. கண்ணாடி இருக்கும், முகம் இருக்காது. கட்டிக்கப்போகிறவள் முகமும் அப்படித்தான். சண்முகவடிவு, தென்காசிப் பக்கம், ஒரு கல்யாணம் ஆகி அத்துவிட்டவள், அமைதியான பிள்ளை. பெண் பார்க்கப் போனபோது காபி கொடுத்துவிட்டு, உங்களுக்கு மல்லிப்பூ பிடிக்குமா கனகாம்பரம் பிடிக்குமா என்று கேட்டாள். எதுன்னாலும் சரி என்றான். அவள் கேட்டது பூவை இல்லை என்று இப்போது தோன்றுகிறது. இப்போது எதற்குத் தோன்றுகிறது. போன் அடித்தது. தரகர் செல்லையா. என்ன மாப்ளே, டெஸ்டு முடிஞ்சுதா, பொண்ணு வீட்ல தேதி கேட்டு நச்சரிக்காக, நான் ஒங்களுக்குக் கிட்னில கல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன், நீங்க வேற எதையும் உளறிறாதீக என்றார். பாத்துட்டுச் சொல்லுதேன் வே என்று வைத்தான். கிட்னியில் கல்லு. நாளைக்கு அந்தப் பிள்ளை, கல் எடுத்தது எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்தால் என்ன சொல்வது.

தொடையை இன்னும் நெருக்கிக்கொண்டான். பயம்தான், வேறென்ன. கத்தி என்றால் யாருக்குத்தான் பயமில்லை. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும் என்றார்களே, மரத்தது மரத்தபடியே நின்றுவிட்டால். நயினார் மாதிரி ஒரு மஞ்சப்பையோடு மணவறையில் உட்காரவேண்டி வந்தால். ஒட்டு நின்றும் எழும்பவேண்டியது எழும்பாமல் போனால், அப்புறம் ஆவுடைக்கு அதுவும் ஒரு சிரிப்பு. ஒரு பயத்துக்குப் பின்னால் ஒரு பயம், வரிசையில் நிற்கிற மாதிரி நின்றது, எல்லாவற்றுக்கும் பின்னால் முகத்தைக் காட்டாமல் ஒண்ணு நின்றது. அதைக் கூப்பிட அவனுக்கு மனசில்லை. வத்துன கிணத்துல வாளி விட்டா என்ன வரப்போகுது, கல்லும் மண்ணும்தான வரும், அப்படித்தான வரணும் என்று மூணு நாலு தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எதற்கு அத்தனை தரம் சொன்னான் என்று அவனே நின்று பார்க்குமுன்னே, அந்தப் பிள்ளை சன்னலில் தலையை நீட்டி, சங்கரபாண்டி அண்ணே, டாக்டர் கூப்பிடுதாக என்றது.

டாக்டர் மேசையில் இல்லை, உள்ளறையில் மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் பேனாவும் இல்லை.

"சங்கரபாண்டி, ஆபரேசன் வேண்டாம்."

வருசம் கூடிப்போச்சோ, இனி ஒட்டாதோ என்று கேட்டான். அறுந்து கெடந்தாத்தானே ஒட்டணும், வந்து இதுல பாருங்க, ஒரு கண்ண மூடிக்கிடுங்க என்றார். குனிந்தான். முதலில் வெறும் வெளிச்சம், அவன் இமைமயிர்தான் குறுக்கே நின்றது. பிறகு தெரிந்தது. மூடாமல் விட்ட தொட்டித் தண்ணீரில் கொசுப்புழு நெளியுமே, அப்படி. ஒண்ணு ரெண்டு இல்லை. முட்டி மோதிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல், அவசரமாக, அவசரமாக. இது யாருது டாக்டர்? உங்களுது. டப்பா மாறியிருக்கும். இன்னைக்குக் காலையில இருந்து குடுத்தது நீங்க ஒருத்தர்தான். தானா எப்படி ஒட்டும், கம்பி தானா ஒட்டுமா? கம்பி ஒட்டாது, சதை சில பேருக்கு அப்படி வழி கண்டுபிடிச்சுக்கிடும், ஆயிரத்துல ஒருத்தருக்குன்னு வச்சுக்கோங்க, இல்லேன்னா அன்னைக்கே சரியா அறுபடாமலும் இருந்திருக்கலாம், எப்ப இருந்துன்னு இப்ப சொல்லமுடியாது, அதுக்குத்தான் மூணு மாசத்துல ஒரு டெஸ்டு வைக்கிறது என்றார். அவன் கண்ணை அந்தக் குழாயில் இருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அவரைப் பார்க்கணும். அவர் பேனாவை எடுத்து வேறெதையோ எழுதிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார்:

"அந்த ஆபரேசனுக்குப் பெறகு உங்க சம்சாரத்துக்கு நாள் தள்ளிப் போகவே இல்லையா?"

"போச்சு."

"அப்ப வந்து பாக்கலையா நீங்க?"

அவன் கண்ணைக் குழாயோடு இன்னும் அழுத்தினான். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவர் குரல் இன்னும் இறங்கிவிட்டது. பிரசவத்துலயா தவறுனாங்க என்று கேட்டார். இல்ல டாக்டர், இருக்கா என்றான் சங்கரபாண்டி. பிள்ளையும் இருக்கு. அது யாருதுன்னு இதுல தெரியுமா? அது இதுல தெரியாது, அதுக்கு வேற டெஸ்டு இருக்கு. உங்களால முடியாதுன்னு நீங்க நெனச்சிருந்தா, அது மட்டும் இல்லேன்னு ஆகுது என்றார். அந்தச் சின்ன இடுக்கு போதும். மனசு எலி மாதிரி அதற்குள் புகுந்து ஓடியது. பார்த்தியா, அவரே சொல்லிட்டார், தெரியாதுன்னு. அப்ப பால்காரன் இன்னும் இருக்கான். கொத்தன் இருக்கான். அவர்களை ஒவ்வொருத்தராக இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தான், நாலைந்து வருசமாக அவன் கூப்பிட்டபோதெல்லாம் வந்து நின்றவர்கள், இன்றைக்கு ஒருத்தனும் வரவில்லை. பொன்னுத்தாய் என்று பேர் வைத்தது குத்துறதுக்கு இல்லை. அவளுக்கு அது அவன் பிள்ளை, அதனால் அந்தப் பேர், அவ்வளவுதான், அதில் வேறொண்ணும் கிடையாது. தாங்காது என்று டாக்டரம்மா சொன்ன உடம்பில் அவன் பிள்ளையைச் சுமந்துகொண்டு அவள் மேசையில் கிடந்த அன்றைக்கு அவன் டீக்கடையில் எந்தச் சேதிக்குக் காத்திருந்தான்.

வெட்டி விடுங்க டாக்டர் என்றான். என்ன? ஒட்டுறது வேண்டாம், வெட்டி விடுங்க, நல்லா வெட்டி விடுங்க, நாளைக்குக் காலையில எனக்குன்னு வச்ச நேரம் இருக்குல்ல, அதுல வெட்டுங்க. ஊர் முன்னால் அவன் சொன்ன வார்த்தை பொய்யாகிக் கிடக்கிறது, இப்பவாவது அது மெய்யாகட்டும், அவள் ஜெயிக்கக்கூடாது, இல்லை, அவளுக்காக இல்லை, இந்த உடம்பு, இந்தத் திருட்டு உடம்பு, அவனுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு அவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததே, இதை விடக்கூடாது, இதற்கு ஒரு தண்டனை வேண்டும். வாய்க்கு வெளியே எவ்வளவு வந்தது, உள்ளே எவ்வளவு நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். நான் இன்னைக்கும் ஒண்ணும் செய்யமாட்டேன், நாளைக்கும் செய்யமாட்டேன், நீங்க காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலேல்ல, போயி சாப்பிடுங்க மொதல்ல என்றார்.

வெளியே அதே பெஞ்சு. நயினார் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சங்கரபாண்டி நின்றுகொண்டே இருந்தான். யாருக்குத் தெரியும்? டாக்டருக்குத் தெரியும், அவர் சொல்லப்போவதில்லை. பேசாமல் பஸ் ஏறிவிடலாம். சண்முகவடிவைக் கட்டலாம், கத்தி இல்லாமலே பிள்ளை பிறக்கும், பிளெக்ஸ் வைக்கலாம், பனை உசரத்துக்கு. வைத்தால் அதைப் பார்த்து ஊர் என்ன கேட்கும். ஒட்டுப்போட்டு வந்த பிள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம். ஊர் நம்பும். அவனுக்குத் தெரியுமே. இனிமேல் அவனுக்கு எது பிறந்தாலும் அது ஆவுடைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டுதான் பிறக்கும், தொட்டிலில் கிடந்துகொண்டே சொல்லும், நடக்கப் பழகும்போது சொல்லும். பிறக்காமல் தடுத்தாலும் சாட்சிதான். பேசாமல் இருந்துவிடலாம். அது சுலபம். அவள் இப்படியே அண்ணன் வீட்டுத் திண்டாட்டத்தில் கிடக்கட்டும், அந்தப் பிள்ளையைப் பார்க்கிறவன் எல்லாம் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். அப்படியே விட்டால் இவனுடைய பழி இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், இவன் ஒண்ணும் செய்யவேண்டியதில்லை, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவ்வளவு சுலபமாக ஒருத்தியைத் தினம் தினம் கொல்லமுடியும் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் நெஞ்சில் அந்தப் பழைய சூடு குப்பென்று ஏறியது, பழி வாங்கணும், விடக்கூடாது, ஊர் முன்னால் நாறடிக்கணும். சூடு அதேதான். ஆள்தான் வேறே. போன் அடித்தது. செல்லையா.

"என்ன மாப்ளே, நாளைக்குத்தான ஆபரேசன்? தேதி வச்சிருவமா?"

"ஆபரேசன் இல்ல."

"ஏன், ஆகாதுன்னுட்டாகளா?"

தட்டில் வைத்து நீட்டின மாதிரி வந்தது கேள்வி. ஆமா என்று ஒரு சொல் போதும், அவன் ஊரில் சொன்னதும் நிற்கும், தென்காசிக் கல்யாணமும் கௌரவமாகக் கலையும், பாவம் சங்கரபாண்டி என்பார்கள். அந்தச் சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்து உட்கார்ந்தது.

"தேவையில்லைன்னுட்டாக. எனக்கு ஒண்ணும் கொறை இல்லையாம். வெட்டுனதெல்லாம் எப்பவோ ஒட்டிப்போச்சாம்."

அட, நல்ல சேதியப் போயி இழவு சொல்லுதாப்பல சொல்லுதீக மாப்ளே என்று செல்லையா சிரித்தார். அந்தச் சிரிப்பு போய்க்கொண்டே இருந்து ஓரிடத்தில் தட்டி நின்றது. தரகுக்காரர், நாள் கணக்கும் பிள்ளைக் கணக்கும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"அப்ப ஆவுடை..."

"ஆமா."

"எல பாவி."

மாப்ளே என்கிற மரியாதை போய்விட்டது. யார்ட்டயும் சொல்லாதியும் என்று இவன் சொல்வான் என்று அவர் காத்திருந்தார், இந்த மாதிரி இடத்தில் எல்லாரும் சொல்கிற சொல் அது. பின்னால் பஸ் இரைச்சலும் கிளாஸ் கழுவுகிற சத்தமும் கேட்டது.

"வே, நீரு இப்ப எங்க நிக்கீரு?"

"பஸ் ஸ்டாண்டு டீக்கடைலதான். ஏன்?"

"ஆளு இருக்கா?"

"கடை நெறைய இருக்காக. முப்பிடாதியோட சம்பந்தக்காரர்கூட இருக்காரு."

"அத அவுகளுக்குச் சத்தமாச் சொல்லும்" என்றான் சங்கரபாண்டி.